பாதி எஞ்சின்

பகலில் பல் கட்டுகிறேன்,
மாஸ்கீல் கடைத்தெருவில்
மாடி அறையொன்றில்.
இரவில் அதே அரம், அதே பூதக்கண்ணாடி,
அதே நீலச் சுடர்.
வாய் மட்டும் வேறு.

ஏலத்தில் வந்தது.
பச்சை எஞ்சின், முழங்கை நீளம்.
தண்டவாளத்துக்குத் தண்டவாளம்
நாற்பத்தைந்து மில்லிமீட்டர்.
அட்டையில் பென்சிலால்:
ஓடும், ஒருவேளை.
அந்த ஒருவேளைக்கு
முன்னூற்றுப் பத்து டாலர் கொடுத்தேன்.

கொதிகலனுக்குள் காரை.
பல்லில் பிடிக்குமே, அதே காரை.
குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள்.
எலுமிச்சை உப்பில் இரண்டு நாள் ஊறவைத்துக்
கவிழ்த்தால்
ஆறிய தேநீர் நிறத்தில் இருபது வருடம்.

பிஸ்டன் வளையங்கள் மாற்றினேன்.
பாதுகாப்பு வால்வின் சுருள்வில்லுக்கு
மூன்று மாதம் காத்திருந்தேன்.
பிறகு குளிர்ந்த நீரை உள்ளே அடைத்து
ஓடும் அழுத்தத்துக்கு இருமடங்கு ஏற்றி
கால்மணி நேரம் முள்ளையே பார்த்தேன்.
முள் அசையவில்லை.
அடிவயிற்றில் ஓர் ஆணியோரம் மட்டும்
ஒரு துளி,
விழாமலும் காயாமலும்.

வெள்ளி உருக்கி அதையும் மூடினேன்.

மூடிய பிறகுதான் உறைத்தது:
நீர்த்தொட்டி, கைப்பம்பு, ஸ்பிரிட் கலன்
எல்லாமே பின்னால் வரும்
டெண்டர் வண்டியில்.
அந்த வண்டி என்னிடம் இல்லை.
நீரும் நெருப்பும் வேறெங்கோ இருக்க,
அவை சந்திக்கும் இடத்தை மட்டும்
பளபளப்பாக வைத்திருந்தேன்.

விற்றவர் அலஸ்டர் பெட்ரி, பெர்த்துக்குக் குடிபோனவர்.
தொலைபேசியில் சொன்னார்:
அதுவா, அக்காவிடம்.
வீட்டைப் பாகம் பிரித்தபோது அதையும் பிரித்தோம்.
எப்படி, என்றேன்.
கொக்கியைக் கழற்றினோம்.

மோராக் பெட்ரி.
போர்ட் சாமர்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
கடிதம் போட்டேன்.
விற்பதற்கில்லை, என்று பதில்.
நானூறு தருவதாக இன்னொரு கடிதம்.
விற்பதற்கில்லை. எந்த ஞாயிறு?

பிஸ்கட் டின்னில், துண்டு சுற்றிக் கொண்டுவந்தாள்.
கோட்டைக் கழற்றவில்லை.
எஞ்சினை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு,
இது வேறு பச்சை, என்றாள்.
அதே பச்சைதான், துடைத்திருக்கிறேன்.
ம்.

கொல்லையில், இடுப்புயரப் பலகைமேல்,
ருபார்ப் பாத்தியையும் துணிக்கொடியையும்
வளைத்துக்கொண்டு ஓடுகிறது என் தடம்.
கொக்கி மாட்டினாள்.
இரண்டு ரப்பர் குழாய் செருகினாள்.
திரியை இவ்வளவு தூக்கக்கூடாது,
அரை நகம் போதும்,
என்று தானே இறக்கினாள்.

பத்து நிமிடம். முள் எழுந்தது.
கைப்பிடியைத் திறந்தேன்.
எஞ்சின் ஓடவில்லை. விக்கியது.
புகைபோக்கி வழியாகச் சுடுநீரும் எண்ணெயும்
நேரே அவள் கோட்டில்.
குனிந்து பார்த்தாள்.
சக்கரத்தை விரலால் ஒரு தள்ளு.

போனது.

ஐந்து சுற்றுக்கொருமுறை நிறுத்தி
ஆறு தடவை பம்படித்தாள்.
யாரும் பேசவில்லை.
பதினேழாம் சுற்றில் தென்காற்று வந்து
சுடரை அணைத்தது.
வேலியோரம், கைக்கெட்டாத இடத்தில்
நின்றுபோனது.
அங்கேயே பார்த்துக்கொண்டு கேட்டாள்:
அவனுக்கு எவ்வளவு கொடுத்தாய்?
சொன்னேன்.
முதல்முறையாகச் சிரித்தாள்:
பாதிக்கா!

கலனை வடித்து, துடைத்து,
கொக்கியைக் கழற்றி,
டின்னுக்குள் வைத்தாள்.
செம்பு ஆறும்போது எழுப்பும்
டிக் டிக் சத்தம்
இப்போது என் பாதியில் மட்டும்.

அடுத்த மாதம் மழையாக இருந்தால்?
கார்க்கதவைத் திறந்தபடி சொன்னாள்:
மழையில்தான் நீராவி கண்ணுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை
மேல்வரிசைக்கு அளவு கொடுக்க வந்தவர்
வாயைத் திறந்தார், மூடினார்.
மன்னிக்கணும், என்றார்,
உங்கள் கையில்
ஆட்டுக்கொழுப்பு வாசனை வருகிறதே?